வெப்ப யோகப் பாயிரம்: சேவுகம்பட்டித் தொடக்கநிலையாளருக்கு

பாயிரம் இல்லாததை நூல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. வெப்ப யோக வகுப்பில் சேரப் போகிறவரிடம் நீட்டப்படும் படிவத்தில் இந்தப் பதினொன்றில் ஒன்றுகூடக் கிடையாது. பெயர், வயது, கைபேசி எண், ஏதேனும் நேர்ந்தால் தானே பொறுப்பு என்ற உறுதிமொழி, கையெழுத்துப் போட ஒரு கோடு, அவ்வளவே. இலக்கணம் அறிந்த சமூகம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாகாது.

அந்தப் பாயிரத்தை எழுதும் பொறுப்பு சேவுகம்பட்டிக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், வத்தலக்குண்டுக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் பக்கத்தில், கொடைக்கானல் மலையைக் கண்ணால் மட்டும் அனுபவிக்கும்படி அமைந்த பேரூராட்சி இது. குளிர் எங்கே இருக்கிறது என்று இவ்வூருக்குத் தெரியும். அது தனக்கில்லை என்பதும் தெரியும். வெப்பத்தைப் பற்றி நடுநிலையோடு பேச இதைவிடத் தகுதியான ஊர் இல்லை. ராஜம் ஐயர் பிறந்து சி.சு. செல்லப்பா வளர்ந்த வத்தலக்குண்டு நாவலையும் விமர்சனத்தையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சியிருப்பது இலக்கணம்தான்.

ஆக்கியோன் பெயர்

சூடேற்றிய அறையில் ஆசனம் செய்யும் இக்கலையை இன்றைய வடிவில் ஆக்கியவர் பிக்ரம் சௌத்ரி. கல்கத்தாக்காரர். 1970களில் அமெரிக்கா சென்று பெவர்லி ஹில்ஸில் கூடம் திறந்து, வியர்வைக்குப் பழக்கமில்லாத செல்வந்தர்களுக்கு அதைக் கட்டணத்தின்பேரில் அறிமுகப்படுத்தினார். உடம்பில் கறுப்பு நீச்சல் ஜட்டி தவிர வேறொன்றும் இல்லாமல் பாடம் நடத்துவார்; வகுப்பு முடிந்ததும் ரோல்ஸ் ராய்ஸ் காரில் ஏறுவார். துறவுக்கும் துய்ப்புக்கும் இடையில் இப்படி ஒரு சமரசத்தை நம் சித்தர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆக்கியோன் பெயர் நூலுக்கு மதிப்பைச் சேர்க்கும் என்பது பொதுவிதி. இங்கே அது செல்லாது. 2013 முதல் அவரிடம் பயின்ற பெண்கள் அவர்மீது பாலியல் வன்கொடுமை வழக்குகள் தொடுத்தார்கள்; அவர் மறுத்தார். அவருடைய சட்ட ஆலோசகராக இருந்த மீனாட்சி ஜாஃபா-பாடன் தொடுத்த வழக்கில், பாலியல் தொல்லைக்கும் முறையற்ற பணிநீக்கத்துக்கும் பெருந்தொகை இழப்பீடு தர வேண்டும் என்று 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2017இல் கைது ஆணை பிறந்தது. அதன்பின் உலகெங்கும் பல கூடங்கள் பலகையிலிருந்து அவர் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டன. ஆக்கியோன் பெயர் தெரியாமல் போன நூல்கள் தமிழில் பல. பெயர் நன்றாகத் தெரிந்துவிட்டதாலேயே நீக்கப்பட்டது இது.

இதிலிருந்து தொடக்கநிலையாளர் கொள்ள வேண்டியது: ஆசிரியர் சொல்வது சரியாக இருந்தால் செய்க, ஆசிரியர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே செய்யற்க. தொட்டுத் திருத்த வருகிறவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல எந்த ஆசனமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வழி

வழி என்பது குருமரபு. பிக்ரம் தன் குருவாகச் சொன்னவர் பிஷ்ணு சரண் கோஷ் (1903–1970). கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. அண்ணன் அமெரிக்காவில் ஆன்மாவைக் கவனித்துக்கொண்டார். தம்பி கல்கத்தாவில் தசையைக் கவனித்துக்கொண்டார். பிக்ரம் தன்னைப் பற்றிச் சொன்ன பட்டங்களிலும் பதக்கங்களிலும் சிலவற்றை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை என்பதால், அவற்றை இப்பாயிரம் தொடவில்லை.

வெப்பம் எங்கே நுழைந்தது என்பதுதான் முக்கியம். குளிர்காலத்து டோக்கியோவில் பாடம் நடத்தியபோது மாணவர்களின் உடல் விறைத்துக்கொண்டதால் அறைக்குள் ஹீட்டர் வைத்ததாக அவர் தரப்பே சொல்கிறது. ஆக, அறையின் சூடு பதஞ்சலி சொன்னதும் அல்ல, கோஷ் சொன்னதும் அல்ல. கல்கத்தாவின் சித்திரை மாதத்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக எடுத்த முயற்சி. கடல் கடந்தபோது ஆசனங்களோடு வானிலையும் மூட்டையில் ஏறிவிட்டது. இறக்குமதி செய்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நெருப்போடு யோகத்தைச் சேர்த்தது தமிழகத்துக்குப் புதிதல்ல என்று ஒரு மறுப்பு எழலாம். உண்மையே. நாலு பக்கமும் தீ மூட்டி, மேலே சூரியனை ஐந்தாம் தீயாகக் கொண்டு செய்வது பஞ்சாக்கினித் தவம். சென்னைக்கு அருகே மாங்காட்டில் காமாட்சி அம்மன் இத்தவத்தை ஒற்றைக் காலில் நின்று செய்ததாகத் தல வரலாறு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. அம்மனுக்குச் சிவனை மணப்பது என்ற தெளிவான நோக்கம் இருந்தது. மாதாந்திரச் சந்தா இல்லை.

எல்லை

இலக்கண நூல் என்றால் வடக்கே ஒரு மலையும் தெற்கே ஒரு முனையும் எல்லையாகச் சொல்வது மரபு. வெப்ப யோகத்தின் எல்லைகள் மூன்று: வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40.6 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரப்பதம் 40 விழுக்காடு. நேரம் 90 நிமிடம்.

இந்த எண்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உரையாசிரியன் கடமை. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடுதலாகவும் இருந்தால் அத்துறை அதை வெப்ப அலை என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மலைப்பகுதிக்கு 30 டிகிரியே போதும். ஆகவே 40.6 டிகிரி அறையைக் கொடைக்கானலில் அமைத்தாலும் சேவுகம்பட்டியில் அமைத்தாலும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடப்பது வெப்ப அலையே. அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணையில் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டும் 40 விழுக்காடு ஈரமும் சந்திக்கும் கட்டத்தில் உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ். அந்தக் கட்டத்துக்கு அவர்கள் இட்ட தலைப்பு 'ஆபத்து'.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. ஒரே வெப்பநிலை, கூரைக்கு வெளியே பேரிடராகவும் கூரைக்கு உள்ளே பயிற்சியாகவும் கொள்ளப்படுகிறது. வேறுபாடு கூரையில் இல்லை. வெளியே இருப்பவருக்குப் போக இடமில்லை; உள்ளே இருப்பவருக்குக் கதவு உண்டு. இந்தக் கதவைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லப்படும்.

நூற்பெயரும் யாப்பும்

நூற்பெயர் முன்பு 'பிக்ரம் யோகா'. இப்போது பெரும்பாலும் 'ஹாட் யோகா' அல்லது '26-உம் 2-உம்'. இந்த எண்ணில் பாடபேதம் உண்டு. ஆசனம் 26, அவற்றுக்குப் புறம்பாக மூச்சுப் பயிற்சி 2 என்பது ஒரு பாடம். அமெரிக்க நீதிமன்றமும் அப்படியே எண்ணியது. ஆசனம் 24, தொடக்கத்து மூச்சுப் பயிற்சியையும் முடிவில் வரும் கபாலபாதியையும் சேர்த்தே 26 என்பது இன்னொரு பாடம். இரு பாடத்துக்கும் வியர்வை ஒரே அளவு என்பதால் இவ்வுரை தீர்ப்பு வழங்கவில்லை.

யாப்பு இறுக்கமானது. முதலில் நின்றபடி செய்வன: அர்த்த சந்திராசனம், உத்கடாசனம், கருடாசனம் எனத் தொடங்கி, ஒற்றைக் காலில் நிற்பவை, காலை அகட்டிக் குனிபவை என்று போகும். நடுவில் ஒரு சவாசனம். பிறகு தரையில்: புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம், உஷ்ட்ராசனம், சசாங்காசனம், அர்த்த மத்ஸ்யேந்திராசனம். சிரசாசனமும் சூரிய நமஸ்காரமும் இல்லை. பெரும்பாலானவற்றை இருமுறை செய்ய வேண்டும். இதே வரிசை, இதே சொற்கள். ஆசிரியர் மனப்பாடம் செய்த உரையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார். வெண்பாவில்கூட ஈற்றடிக்குச் சற்றுச் சலுகை உண்டு. இங்கே அதுவும் இல்லை.

யாப்பு இவ்வளவு இறுக்கமாக இருந்ததால் ஆக்கியோனுக்கு அதன்மீது பட்டா வாங்கும் ஆசை வந்தது. முன்னாள் மாணவர்கள் தொடங்கிய 'எவலேஷன் யோகா'மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தார். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆசன வரிசை என்பது உடல்நலத்துக்கான ஒரு முறை, முறைக்குக் காப்புரிமை கிடையாது என்று தீர்த்தது. இந்தியா அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் மூலிகைகளுக்குப் பிறகு ஆசனங்களும் பதிவாயின. காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைக்கும் உரிமை இன்று மனித குலம் முழுமைக்கும் உறுதி செய்யப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்துவது அவரவர் இடுப்பைப் பொறுத்தது.

நுதலிய பொருள்

இனிப் பொருளுக்கு வருவோம். வெப்ப யோகத்தின் பொருள் ஆசனம் என்று நினைப்பது தொடக்கநிலையாளரின் பிழை. பொருள் வியர்வை.

தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடல் தன் சூட்டைக் காற்றுக்குத் தள்ளிவிடும். காற்று 40.6 ஆகிவிட்டால் வரவும் செலவும் தலைகீழாகும். காற்றிலிருந்து உடலுக்குச் சூடு ஏறும். அப்போது உடலுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்த்து, அந்த வியர்வையை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். 'ஆவியானால்' என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. மூடிய அறையில் நாற்பது பேர் மூச்சும் வியர்வையும் சேர்ந்து காற்று ஈரமாகிவிட்டால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை குளிர்விக்காது, விரிப்பை நனைக்கும். கண்ணாடியில் தன்னைப் பார்த்து "எவ்வளவு வேர்த்திருக்கு!" என்று மகிழ்பவர் உண்மையில் தன் குளிர்விப்பு முறை தோற்றுப் போவதைப் பார்த்து மகிழ்கிறார்.

ஆகவே தொடக்கநிலையாளருக்கான விதிகள் பின்வருமாறு.

வயிறு: வகுப்புக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் போவதும் தவறு. பிரியாணி இதற்கு முன்னுணவு ஆகாது என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீர்: வகுப்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அரை லிட்டர் தண்ணீர். வகுப்பில் தாகத்துக்கு ஏற்ப வாய் வாயாகக் குடிக்கலாம். கருடாசனம் முடியும்வரை தண்ணீரைத் தொடக் கூடாது என்று பழைய கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. தாகத்துக்கு அவ்வழக்கம் தெரியாது. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போவதால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். வகுப்புக்குப் பிறகு உப்புப் போட்ட மோர், அல்லது மருந்துக்கடை உப்புச் சர்க்கரைக் கரைசல். வண்ணப் புட்டியில் வரும் பானம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் சேவுகம்பட்டிக்காரருக்கு இல்லை; நீராகாரம் கண்ட பரம்பரை.

உடை: குறைவாக, மெல்லியதாக. துண்டு இரண்டு: ஒன்று வழுக்காமல் இருக்க விரிப்பின்மேல் போட, ஒன்று முகத்துக்கு. இந்த இடத்தில் ஹடயோகப் பிரதீபிகை குறுக்கே வரும். பயிற்சியில் வரும் வியர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொள்ள வேண்டும், அதனால் உடல் உறுதியும் லேசும் பெறும் என்பது அந்நூல். பக்கத்து விரிப்பிலிருப்பவரின் முகக்குறிப்பை அறிந்து இதில் முடிவெடுக்கலாம்.

இடம்: பின்வரிசை, கதவோரம். ஹீட்டருக்கு நேர் கீழே நிற்பவர் ஏற்கெனவே தேறியவராக இருக்க வேண்டும், அல்லது தாமதமாக வந்தவராக இருக்க வேண்டும்.

அளவு: சூட்டில் தசை இளகிவிடும். எப்போதும் முழங்காலோடு நிற்கும் கை அன்றைக்குப் பாதத்தைத் தொடும். இதை முன்னேற்றம் என்று எண்ணி மேலும் இழுத்தால் மறுநாள் காலையில் தசைநார் உண்மையைச் சொல்லும். உஷ்ட்ராசனத்தில் பின்னால் வளையும்போது பலருக்குத் தலை சுற்றும். பாதி வளைந்தால் போதும், வளையாவிட்டாலும் குற்றமில்லை.

பழக்கம்: உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். வெயிலில் வேலை செய்கிற சேவுகம்பட்டிக்காரர் இந்தப் பாடத்தில் முன்கூட்டியே தேறியவர். சேவுகம்பட்டியிலிருந்து பெங்களூர் போய்ப் பதினைந்து ஆண்டு குளிர்சாதன அறையில் இருந்த மகனுக்கு அந்தத் தேர்ச்சி காலாவதியாகிவிட்டது. ஊர்ப்பெயரை வைத்து அதைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது.

கதவு: எல்லா விதிக்கும் தலையாய விதி இது. தலை சுற்றினால், குமட்டினால், தசை பிடித்துக்கொண்டால், தலை வலித்தால், உடனே உட்கார வேண்டும். தெளியாவிட்டால் வெளியே வர வேண்டும். முதல் வகுப்பில் அறையைவிட்டு வெளியேறாமல் இருப்பதே சாதனை என்று சில கூடங்களில் சொல்வார்கள். அந்தச் சாதனையை நாற்காலியும் செய்கிறது. பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ, மயங்கினாலோ அது யோகம் அல்ல, வெப்பத் தாக்கு. வியர்வை வந்துகொண்டிருந்தாலும் அப்படியே. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். 'சமாதி நிலை' என்று காத்திருக்கக் கூடாது.

கேட்போர்

கருவுற்ற பெண்கள், இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், முன்பு வெப்பத்தில் மயங்கி விழுந்தவர்கள், காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் இருப்பவர்கள் இந்நூலைக் கேட்கலாம், வகுப்புக்குப் போகலாகாது. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவை உடலின் குளிர்விப்பில் கை வைப்பவை. அவற்றைச் சாப்பிடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது மருத்துவரை. முந்தின இரவு மது அருந்தியவருக்கு மறுநாள் காலை வகுப்பில் தனிப் பாயிரம் எழுத வேண்டிவரும்.

எஞ்சிய மாணாக்கரை நன்னூல் மூன்றாக வகுக்கும். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் இடைத் தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைத் தரம். வெப்ப யோகத்துக்கு இந்த வரிசை பொருந்தவில்லை. சொன்னதையே சொல்லும் கிளி இங்கே மேடையேறி ஆசிரியராகிவிட்டது. ஊற்ற ஊற்ற ஒழுகும் ஓட்டைக் குடம், பவணந்தியார் அவையில் கடைசி வரிசை. இங்கே முதல் வரிசை, ஏனெனில் ஒழுகுவதே பாடம். ஒரு செடியில் ஒரு வாய், மறு செடியில் மறு வாய் மேயும் ஆடு, இலவச முன்னோட்ட வகுப்புகளை மட்டும் ஊர் முழுக்கத் தேடிப் போகிறவர். எருமைக்குத்தான் பெரிய அநீதி நடந்திருக்கிறது. மாட்டைவிட அதற்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. தன் உடம்பு இவ்வளவுதான் என்று அறிந்து, யார் என்ன சொன்னாலும் கேளாமல் குளத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. குளத்தைக் கலக்குகிறது என்பதற்காகப் பவணந்தியார் அதைக் கடையில் வைத்தார். வெப்ப இலக்கணத்தில் அதுவே தலைமாணாக்கன்.

பயன்

பயன் உண்டு. 2013இல் வெளியான கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், எட்டு வாரம் பிக்ரம் யோகம் செய்த இளைஞர்களின் உடல் வளைவு மேம்பட்டது. வலுவும் ஓரளவு கூடியது. இதயத்தின் தாங்குதிறனில் மாற்றமில்லை. அதே பல்கலைக்கழகம் பிறகு அளந்தபோது, 90 நிமிட வகுப்பில் ஆண்கள் சுமார் 460 கலோரியும் பெண்கள் சுமார் 330 கலோரியும் செலவழித்தார்கள். வேகமாக நடப்பதற்கு நிகர். ஆயிரம் கலோரி போகும் என்று விளம்பரத்தில் படித்திருந்தவர்களுக்கு இது சற்று வியர்வையை வரவழைத்தது. வகுப்பு முடிந்து எடைபார்த்தால் ஒரு கிலோ குறைந்திருக்கும். அது தண்ணீர். மோர் குடித்ததும் வீடு திரும்பிவிடும். வியர்வையோடு உடலின் நச்சுகள் வெளியேறும் என்பதும் ஒரு நம்பிக்கை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் விளம்பரம் இல்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

இன்னொரு ஆய்வு 2018இல் வந்தது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டேசி ஹண்டர் குழுவினர், 40 முதல் 60 வயதுவரை உள்ள, உடற்பயிற்சிப் பழக்கமில்லாதவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை 40.5 டிகிரி அறையிலும் இன்னொரு பகுதியினரை 23 டிகிரி அறையிலும் அதே 26 பயிற்சிகளைப் பன்னிரண்டு வாரம் செய்யவைத்தனர். இரத்தக் குழாய்களின் விரியும் திறன் இரு பக்கமும் ஒன்றுபோல் மேம்பட்டது. அந்தத் திறனில் வெப்பம் தனியாக எதையும் கூட்டவில்லை.

இது பழைய நூலோருக்கு வியப்பளிக்காது. பிராணாயாமத்தின் பயனை ஹடயோகப் பிரதீபிகை மூன்று படியாகச் சொல்லும்: கடைப்படியில் வியர்வை, இடைப்படியில் நடுக்கம், முதற்படியில் நிலைபேறு. வியர்வையில் நின்றுவிட்டவர் கடைப்படியில் நிற்கிறார். வகுப்புக்குப் போகாமல் வீட்டுத் திண்ணையில் விடிகாலை ஆறு மணிக்கு இதே 26ஐயும் செய்கிறவருக்கு அதே பயன் கிடைக்கும். அவருக்குக் கிடைக்காதவை ஈரத்துண்டும் ரசீதும் மட்டுமே.

காலமும் களமும்

கேரண்ட சம்ஹிதை, முன்பனி, பின்பனி, முதுவேனில், கார் ஆகிய பருவங்களில் யோகத்தைத் தொடங்கலாகாது, நோய் வரும்; வசந்தத்திலும் கூதிரிலும் தொடங்குக என்று விதிக்கிறது. வசந்தம் என்பது சித்திரை, வைகாசி. தமிழ் மரபும் இவ்விரு மாதத்தை இளவேனில் என்றே அழைக்கிறது. அக்கினி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயில் தொடங்குவதும் முடிவதும் இதே இரு மாதத்துக்குள்தான். ஆகவே நூல்விதிப்படி, சேவுகம்பட்டித் தொடக்கநிலையாளர் வகுப்பில் சேர உகந்த காலம் கத்திரி. விதி தந்த முனிவர் எந்த ஊரில் இருந்தார் என்பதை வைத்து விதியைத் திருத்திக்கொள்வது உரையாசிரியனின் சலுகை. சேவுகம்பட்டிக்கு வசந்தம் தை மாதம். அப்போது பெருமாள் கோயில் விழாவில் வாழைப்பழம் சூறை விடுவார்கள். இரு கையையும் வானுக்கு நீட்டி, இடுப்பை வளைத்து, கூட்டத்தின் சூட்டில் பழம் பிடிப்பவர்களைப் பார்த்தவருக்கு அர்த்த சந்திராசனத்தை விளக்க வேண்டியதில்லை.

களத்துக்குப் பிரதீபிகை சொல்லும் இலக்கணம்: நல்லாட்சியுள்ள நாடு, சிறு அறை, சிறு வாசல், சுற்றி ஒரு வில்லின் அளவுக்குக் கல்லும் நெருப்பும் நீரும் இல்லாமை. நெருப்பு கூடாது என்பதைக் கவனிக்க. மின்சார ஹீட்டர் நெருப்பா என்பது தர்க்கத்துக்கு உரியது. நல்லாட்சி பற்றி இப்பாயிரம் கருத்துச் சொல்லாது.

திணை வகையில் இக்களம் பாலை. பாலைக்குப் பொழுது வேனிலும் நண்பகலும். கூடத்தில் கடிகாரம் எதைக் காட்டினாலும் அதே பொழுதுதான். பாலைக்கென்று சொந்த நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டபோது பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. டோக்கியோவும் நியூயார்க்கும் பெங்களூரும் ஹீட்டர் போட்டு அதைச் செய்துகொள்கின்றன. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கே பிரிவது உடலிலிருந்து நீர், பையிலிருந்து பணம்.

காரணம்

இப்பாயிரம் செய்யக் காரணம் ஒரு குடும்ப உரையாடல். வகை மாதிரிக்கு அது இப்படி இருக்கும்:

"அம்மா, நீ இங்க வந்திருக்கும்போது என்கூட வகுப்புக்கு வா. ஒன்றரை மணி நேரம் நல்லா வேர்க்கும்."

"வேர்க்கிறதுக்கா துட்டுக் கட்டியிருக்க, ஏஞ்சாமி?"

"வேர்த்தா உடம்புக்கு நல்லதும்மா."

"அப்ப நாங்கல்லாம் நூறு வருசம் இருந்திருக்கணுமேப்பா."

மகனிடம் இதற்கு விடையில்லை. ஆய்வாளர்களின் விடையும் தாயின் பக்கமே சாய்வதை மேலே கண்டோம்.

புறனடை

இலக்கண நூலில் சொன்ன விதிகளுக்குள் அடங்காதவற்றைக் கடைசியில் புறனடையில் அடக்குவது மரபு. இந்நூலுக்குள் அடங்காதவர்கள் பலர். செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவர், பரோட்டாக் கல்லுக்கு முன்னால் மாலை முழுக்க நிற்கும் மாஸ்டர், மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து பூ எடுக்கும் பெண்கள், நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் மண் சுமக்கிறவர்கள். இவர்கள் குனிந்து நிமிர்வதை யாரும் எண்ணியதில்லை. எண்ணினால் 26இல் நிற்காது. இவர்கள் வேலை செய்யும் இடத்தில் வெப்பத்தை ஏற்றி இறக்க ஒருவரும் இல்லை. தலை சுற்றினால் உட்காரலாம் என்ற விதி இவர்களுக்கு உண்டா என்பதை மேஸ்திரியின் அன்றைய மனநிலை தீர்மானிக்கிறது. மேலே சொன்ன கதவு இவர்களுக்கு இல்லை.

வெப்பத்தில் உழைப்பவர்களுக்கு வகுப்பு தேவையில்லை. நிழல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், உப்பு, உச்சிவெயிலில் ஓய்வு, இந்த நான்கும் போதும். இவர்களுக்கு இந்நூல் விதிப்பது ஒரே ஆசனம்: நண்பகல் 12 முதல் 3 வரை, வேப்ப மரத்தடியில், சவாசனம். இதற்குக் கட்டணம் கேட்பது வழு. இதற்காகக் கூலியில் பிடிப்பது எந்த வழுவமைதியாலும் காக்க முடியாத வழு.